விட்ட இடத்துக்குத் திரும்பி வர்றது

படிக்க நேரமே கிடைக்கறதில்லைன்னு சொல்றவங்க யாரும் சாக்கு சொல்றதா நான் நினைக்கலை. வேலை, வீடு, பசங்க, பெரியவங்க உடம்பு இதெல்லாம் போக நாள் முடியற நேரத்துல மிச்சம் இருக்கறது கொஞ்சம் தான், அந்த கொஞ்சமும் அலுப்போட தான் வருது. ஆனா அவங்ககிட்டயே இன்னும் கொஞ்சம் பேச்சு கொடுத்தா வேற ஒண்ணு தெரியவரும். தலைமாட்டுல ஒரு நாவல் பாதியில கிடக்கும், பையில இன்னொண்ணு, கிண்டில்ல நாலஞ்சு. எல்லாமே ஆசையா ஆரம்பிச்சது, எல்லாமே நல்லா போயிட்டிருந்தது, நடுவுல ஒரு வாரம் வேலை அதிகமாச்சு, அப்பறம் தொடவே இல்லை. ஆரம்பிக்க நேரம் கிடைச்சிருக்கு, அம்பது பக்கம் படிக்கவும் கிடைச்சிருக்கு. திரும்ப அதுக்குள்ள போக தான் முடியலை.

இதை நான் ரொம்ப நாளா கவனிச்சிட்டு வர்றேன். ஒரு புக் பாதியில நின்னு போறதுக்குக் காரணம் ஒரு நாளைக்குக் கிடைக்கற நேரம் குறைவா இருக்கறதுன்னு தான் எல்லாரும் நினைக்கறோம். என் அனுபவத்துல, ஒரு தடவை மூடி வெச்சதுக்கும் அடுத்த தடவை திறக்கறதுக்கும் நடுவுல எவ்ளோ நாள் ஆச்சுங்கறது தான் புக்கோட கதியை முடிவு பண்ணுது. தினம் பத்து நிமிஷம் படிக்கற ஆள் பெரிய நாவலைக் கூட முடிச்சிடறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் உட்கார்றேன்னு திட்டம் போடறவங்க ரெண்டு ஞாயிறு தவறினா அதோட சரி.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாவலைத் திறக்கறப்ப என்ன நடக்குதுன்னு நிதானமா பாருங்க. புக்மார்க் இருக்கற பக்கத்தைத் திறக்கறோம். முதல் வரியில ஒருத்தர் கோவமா எழுந்து போறார். யார் இவர்? மாமனாரா, இல்ல அந்த வக்கீலா? எதுக்கு கோவம்? ரெண்டு பக்கம் பின்னாடி போறோம், அங்க பேசிக்கற ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தெரியுது, இன்னொருத்தரை சுத்தமா ஞாபகம் இல்லை, இன்னும் பின்னாடி போறோம். பத்து நிமிஷம் ஆயிடுச்சு, புதுசா ஒரு வரி கூட படிக்கலை. கையில இருந்ததே அந்த பத்து நிமிஷம் தான். அடுத்த நாள் அந்த புக்கைப் பார்த்தாலே மனசு ஒரு சின்ன கணக்கு போட்டு, வேண்டாம்னு முடிவு பண்ணிடுது, கை தானா போன் பக்கம் போயிடுது. இதை சோம்பேறித்தனம்னு திட்டறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா உள்ள நடக்கறது உண்மையிலேயே உழைப்பு கேக்கற வேலை.

படிக்கறதைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இதை நல்லா விளக்கியிருக்காங்க. வான் டைக், கின்ட்ஷ்னு ரெண்டு பேர் 1983ல சொன்னது இது: நாம வாக்கியங்களை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கறதில்லை, அந்த வாக்கியங்கள் சொல்ற நிலைமையை மனசுக்குள்ள கட்டி எழுப்பறோம். பின்னாடி 1990கள்ல ஸ்வான்ங்கறவரும் கூட வேலை பார்த்தவங்களும் அதுல என்னென்ன இருக்குன்னு பிரிச்சாங்க, யாரு, எங்க, எப்போ, எது எதுக்குக் காரணம், யாருக்கு என்ன வேணும்னு அஞ்சு இழை. படிக்கப் படிக்க இந்த அஞ்சையும் புதுப்பிச்சிக்கிட்டே போறோம். நல்ல வாசிப்புல நாம அனுபவிக்கற அந்த 'உள்ள இருக்கற' உணர்வு இந்த உலகம் மனசுக்குள்ள முழுசா எழும்பி நிக்கறதால வர்றது தான். நாள் கழியக் கழிய இது கலைஞ்சிடுது. எபிங்ஹவுஸ்ங்கற ஜெர்மன் உளவியல் அறிஞர் 1885லயே தன்னையே சோதிச்சுப் பார்த்து எழுதினார், மனப்பாடம் பண்ணதுல பாதிக்கு மேல முதல் ஒரு மணி நேரத்துலயே போயிடுதுன்னு. அவர் மனப்பாடம் பண்ணது அர்த்தமே இல்லாத அசைகள், கதை அவ்ளோ வேகமா மறக்காது தான். ஆனா மறதி முதல்ல வேகமாவும் அப்பறம் மெதுவாவும் நடக்குதுங்கறது வாசகனுக்கு ரொம்ப முக்கியமான விஷயம். அந்த வேகமான சரிவுக்குள்ளயே ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டா போதும், உலகம் கலையாம நிக்கும். எட்டிப் பார்க்கறதுக்கு ரெண்டு பக்கம் போதும்.

அதனால நேரம் ஒதுக்கறதைப் பத்தி யாராவது கேட்டா நான் சொல்றது ஒண்ணு தான், தினம் தொடுங்க. எவ்ளோ நேரம்ங்கறது அப்பறம். அஞ்சு நிமிஷம்னாலும் சரி. இதுல கிடைக்கற பக்கக் கணக்கும் ஒண்ணும் மோசமில்லை, ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சுக்கிட்டா பதினஞ்சு நிமிஷத்துல ஏழு பக்கம், வருஷத்துக்கு 2,500 பக்கத்துக்கு மேல, 250 பக்க புக்கா பார்த்தா பத்து. உங்க வேகம் வேற மாதிரி இருக்கும், ஒரு நாள் கடிகாரத்தை வெச்சுப் பார்த்துக்கங்க. இணையத்துல நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னு சுத்தற எண்ணெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷுக்கு உள்ளது. பெரியவங்க மௌனமா படிக்கற வேகம் பத்தின 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019ல மார்க் பிரைஸ்பார்ட் சொன்ன சராசரி நிமிஷத்துக்கு 238 வார்த்தை, அதுவும் கதையில்லாத எழுத்துக்கு. தமிழ்ல ஒரு சொல்லுக்குள்ளயே நிறைய விஷயம் அடங்கியிருக்கறதால அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கிட்டு நான் மெதுவா படிக்கறேனோன்னு கவலைப்படவே வேண்டாம்.

வேகத்தைப் பத்தி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். வேகமா படிக்கக் கத்துக்கிட்டா நேரப் பிரச்சனை தீர்ந்துடும்னு சொல்ற கோர்ஸ், ஆப் எல்லாம் எனக்கு நம்பிக்கை தரலை. கண்ணு வரியில வழுக்கிக்கிட்டு போறதில்லை, தாவித் தாவி போகுது, ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் கிட்டத்தட்ட கால் செகண்ட், நிக்கற இடத்தைச் சுத்தி சில எழுத்துக்கள் மட்டும் தான் தெளிவா தெரியும். கீத் ரேனரும் கூட நாலு பேரும் 2016ல இதையெல்லாம் சேர்த்து அலசி எழுதினாங்க, வேகம் கூடினா புரிதல் குறையும், ரெண்டும் ஒண்ணா கிடைக்க வழி இல்லைன்னு. வேகம் கூட ஒரே நேர்மையான வழி நிறைய படிக்கறது, சொல்வளம் பெருகறது. அது தானா வரும். மேலோட்டமா பார்க்கறதுக்கும் ஒரு இடம் உண்டு தான், ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கு அது போதும். ஆசைப்பட்டு எடுத்த கதையை ஓடிக் கடந்தா மிச்சம் என்ன கிடைக்கும்னு எனக்கு விளங்கலை.

திரும்பி வர்றதை சுலபமாக்க நான் பார்த்ததுலயே நல்ல வழி எங்க பெரியப்பாவோடது. அவரோட ஒவ்வொரு புக்குலயும் ஒரு பழைய கவரைக் கிழிச்ச துண்டு இருக்கும், அது தான் புக்மார்க். படிச்சு முடிச்சு மூடறதுக்கு முன்னாடி பென்சிலை எடுத்து அதுல ரெண்டு வரி எழுதுவார். பெரிய நாவலா இருந்தா ஒரு பக்கம் பூரா பேருங்க, யாருக்கு யாரு என்ன உறவுன்னு கோடு போட்டு இணைச்சிருப்பார், இன்னொரு பக்கம் 'தம்பி கடுதாசியைப் பார்த்துட்டான், அக்காவுக்குத் தெரியாது' அப்படின்னு ஒரு வரி. எழுத்து நடுங்கும், ஆனா அவ்ளோ தெளிவா இருக்கும். ஒரு தடவை கேட்டேன், "பெரியப்பா, இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்காதா, எதுக்கு எழுதறீங்க?"ன்னு. "இன்னைக்கு எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கு இதைத் திறக்கப் போறவன் எப்படி இருப்பானோ, அவனுக்குச் சொல்லி வைக்கறேன்"னார். அவர் படிச்ச புக்கை அப்பறம் நான் எடுத்துப் படிக்கறப்ப அந்த துண்டு எனக்கும் வழி சொல்லும். முப்பது செகண்ட் வேலை தான் இது, மூடறப்ப நாம செலவு பண்ற முப்பது செகண்ட் அடுத்த தடவை பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுக் கொடுக்குது. போன்ல நோட் எடுக்கலாமேன்னு கேப்பீங்க. எடுக்கலாம், ஆனா நோட் எழுத போனைத் திறந்தா அங்க வேற நாலு விஷயம் காத்துக்கிட்டு இருக்கும். பென்சில் நல்லது.

எங்க நிறுத்தறோம்ங்கறதும் இதோட சேர்ந்தது தான். அத்தியாயம் முடியற இடத்துல மூடணும்னு நிறைய பேருக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. நான் அதை விட்டுட்டேன். அத்தியாயம் முடிஞ்சா எழுத்தாளரே ஒரு கதவைச் சாத்திடறார், அடுத்தது வேற ஊர், வேற ஆள், வேற வருஷம்னு ஆரம்பிக்கலாம், உலகத்தை முதல்லருந்து கட்டணும். ஒரு காட்சி சூடா நடந்துக்கிட்டு இருக்கறப்ப, யாரோ கேள்வி கேட்டு பதில் வர்றதுக்கு முன்னாடி மூடிப் பாருங்க. அடுத்த நாள் பூரா அது மனசோரத்துல நிக்கும், திரும்பிப் போறதுக்கு யாரும் தள்ள வேண்டியதில்லை. திறந்ததும் விட்ட வரியில குதிக்காம ஒரு பக்கம் பின்னாடி போய் ஆரம்பிக்கறதும் நல்லது, ஏற்கனவே தெரிஞ்சதைப் படிக்கறப்ப மனசு மெல்ல உள்ள இறங்கிடும்.

உள்ள இறங்கறதுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு இன்னொரு தடை இருக்கு. சோஃபி லெராய்ங்கறவர் 2009ல ஒரு ஆய்வுல காட்டினார், ஒரு வேலையிலருந்து இன்னொண்ணுக்கு மாறறப்ப கவனம் முழுசா கூட வர்றதில்லை, ஒரு பகுதி பழைய வேலையிலயே தங்கிடுது, அதுவும் அந்த வேலை முடியாம இருந்தா அதிகமா. மெயில் பாதி டைப் பண்ணி வெச்சுட்டு புக்கை எடுத்தா முதல் பக்கத்தை மூணு தடவை படிக்கறோமே, அது இதால தான். ரெண்டே ரெண்டு நிமிஷம் எடுத்து, நாளைக்கு என்னென்ன பண்ணணும்னு ஒரு தாள்ல எழுதி ஓரமா வெச்சுட்டு உட்கார்ந்தா எனக்கு நிஜமாவே வித்தியாசம் தெரியுது.

போனைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் கொஞ்சமா சொல்றேன். முடிவே இல்லாம கீழ இறங்கிக்கிட்டே போற அந்த ஸ்க்ரோலை 2006ல வடிவமைச்ச ஆசா ராஸ்கினே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டு பேசியிருக்கார். புக்ல பக்கம் முடியுது, அத்தியாயம் முடியுது, ஒவ்வொரு முடிவும் 'இன்னும் படிக்கணுமா?'ன்னு நம்மகிட்ட ஒரு தடவை கேக்குது, நாம யோசிச்சு முடிவு பண்றோம். ரீல்ஸ்ல அந்த கேள்வியே வராது. அப்ப ராத்திரி பத்து நிமிஷத்துக்கு புக்கும் போனும் போட்டி போட்டா எது ஜெயிக்கும்னு சொல்ல வேண்டியதில்லை, போட்டியே சமமா இல்லை. 2017ல ஏட்ரியன் வார்டும் அவரோட குழுவும் பண்ண சோதனையில போன் சைலண்ட்ல மேஜை மேல இருந்தவங்களை விட வேற ரூம்ல வெச்சிருந்தவங்க கவனத்தைக் கேக்கற சோதனைகளை நல்லா பண்ணாங்க, பின்னாடி மத்தவங்க திரும்பப் பண்ணப்ப எல்லா இடத்துலயும் அதே மாதிரி வரலைங்கறதையும் சொல்லணும். எனக்கு ஆய்வை விட நேரடியான காரணம் ஒண்ணு இருக்கு, போன் வேற ரூம்ல இருந்தா எழுந்து போகணும், அந்த நாலு அடி நடக்கறதுக்குள்ள அடுத்த வரி இழுத்துடும்.

தினம் தொடறதுன்னா ஒரு நாள் விட்டுப்போனா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், அடுத்த நாள் தொடுங்க. பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 2010ல வெளியிட்ட ஆய்வுல 96 பேர் சாப்பாடு, தண்ணி, உடற்பயிற்சி சம்பந்தமா ஆளுக்கு ஒரு புது பழக்கத்தை எடுத்து தினம் பண்ணாங்க, அது யோசிக்காமலே நடக்கற அளவுக்கு வர சராசரியா 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு எங்க பார்த்தாலும் எழுதியிருக்காங்களே, அதை நம்பி 22வது நாள் மனசு உடைஞ்சு போனவங்களை எனக்குத் தெரியும். அதே ஆய்வுல இன்னொரு நல்ல செய்தி, நடுவுல ஒரு நாள் தவறினது பழக்கத்தைப் பெருசா பாதிக்கலை. ஏற்கனவே தினம் நடக்கற ஒரு விஷயத்தோட வாசிப்பை ஒட்டி வெச்சா சீக்கிரம் பிடிச்சுக்கும், 'ராத்திரி ஒன்பது மணிக்கு'ன்னு வைக்கறதை விட 'பாத்திரம் கழுவி முடிச்சு கை துடைச்சதும்'னு வைக்கறது நிக்கும், ஏன்னா மணி ஒன்பது ஆனது தெரியாமலே போகலாம், கை துடைக்கறது தெரியாம போகாது.

எந்த புக்கை எடுக்கறோம்ங்கறதுல தான் நிறைய பேர் தங்களைத் தாங்களே கஷ்டப்படுத்திக்கறாங்க. எல்லாரும் கொண்டாடறாங்கன்னு ஒண்ணை எடுத்து, நூறு பக்கம் ஆகியும் ஒட்டலை, ஆனா ஆரம்பிச்சதை முடிக்கணுமேன்னு அதையும் முடிக்காம வேற எதையும் எடுக்காம மாசக்கணக்குல நிக்கறது. அந்த புக்கை மூடி வைங்க. அது உங்களுக்கான நேரத்துல வரலை. நூலகவியலோட தந்தைன்னு நாம மதிக்கற எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல வகுத்த அஞ்சு விதியில ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புக், ஒவ்வொரு புக்குக்கும் அதுக்கான வாசகர்னு ரெண்டு விதி இருக்கு, அடுத்தது வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துங்கறது. நூலகத்துக்காகச் சொன்னது தான், ஆனா வீட்டு அலமாரிக்கும் அது அப்படியே பொருந்தும்னு எனக்குத் தோணும். நாளைக்குத் திரும்பிப் போகணும்னு மனசு இழுக்கற புக் கையில இருந்தா நேரம் எங்கிருந்தோ வந்துடுது, இழுக்காத புக்குக்கு ஒரு நாள் பூரா லீவு போட்டாலும் வராது.

பேப்பரா ஸ்க்ரீனாங்கற சண்டையில எனக்கு பெரிய ஆர்வம் இல்லை. 2018ல டெல்காடோவும் குழுவும் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல தகவல் சொல்ற எழுத்து பேப்பர்ல கொஞ்சம் நல்லா புரியுது, கதைக்கு அந்த வித்தியாசம் தெரியலை. படிக்கறதுக்கு கஷ்டமான கட்டுரை நூலை பேப்பர்ல வெச்சுக்கங்க, நாவல் எதுல இருந்தாலும் சரி. தூங்கறதுக்கு முன்னாடி மட்டும் வெளிச்சம் அடிக்கற டேப்லட் வேண்டாம், 2015ல 12 பேரை வெச்சு பண்ண ஒரு ஆய்வுல அச்சு புக் படிச்ச ராத்திரியை விட அதுல படிச்ச ராத்திரி தூக்கம் வர லேட்டாச்சு, தூக்கத்துக்குத் தயார் பண்ற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கறதும் தள்ளிப் போச்சு. ஆடியோபுக்கை வாசிப்புல சேர்க்கமாட்டேன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. துணி மடிக்கறப்ப ஒரு அத்தியாயம் காதுல கேட்டுட்டு ராத்திரி அடுத்ததைக் கண்ணால படிச்சா, அந்த உலகம் நாள் பூரா கலையாம உங்க கூடவே இருக்கு.

இதெல்லாம் சொன்னதுக்கப்பறமும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கு, அதை விட்டுட்டு இந்த தலைப்புல எழுதறது நியாயமா இருக்காது. சில பேருக்கு நேரத்தை அவங்களா எடுத்துக்கற சுதந்திரமே இல்லை. கைக்குழந்தை இருக்கற அம்மா, படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பார்த்துக்கறவங்க, ரெண்டு ஷிப்ட் வேலை பார்க்கறவங்க. வீட்ல ஒருத்தர் புக்கோட உட்கார்ந்திருந்தா, குறிப்பா அது வீட்டுப் பொண்ணா இருந்தா, மத்தவங்க கண்ணுக்கு அவங்க சும்மா இருக்கறதா தான் தெரியுது. லேப்டாப் முன்னாடி இருக்கறவரைக் கூப்பிட எல்லாரும் யோசிக்கறாங்க, புக் கையில இருக்கறவங்களை யோசிக்காம கூப்பிடறாங்க. 'சும்மா தானே இருக்க'ன்னு சொல்லி ஒரு சின்ன வேலை. அந்த சின்ன வேலை ரெண்டு நிமிஷம் தான் எடுக்கும், ஆனா மனசுக்குள்ள எழும்பி நின்ன அந்த உலகம் முழுசும் சரிஞ்சிடுது, திரும்பக் கட்டறதுக்குள்ள அடுத்த குரல் வந்துடும்.

அப்படி வாழ்க்கையில இருக்கறவங்களுக்கு நான் சிறுகதையும் கவிதையும் தான் முதல்ல சொல்லுவேன். ஒரு சிறுகதைக்கு ஆளுங்க ரெண்டு மூணு பேர், இடம் ஒண்ணு, பதினஞ்சு இருபது நிமிஷத்துல முழுசா முடிச்சு எழுந்துடலாம், நாளைக்கு எதையும் ஞாபகம் வெச்சுக்கத் தேவையில்லை. கவிதை அதை விட இரக்கமானது, நாலு வரியை நாள் பூரா மனசுல சுமந்துக்கிட்டு வேலை பார்க்கலாம். ஆனா ஒரு பெரிய நாவலுக்குள்ள வாரக்கணக்குல வாழற சந்தோஷம் அவங்களுக்கும் வேணும் இல்லையா, அதுக்கு கூட இருக்கறவங்க தான் நேரத்தைக் கொடுக்கணும். வாய்ல 'நீயும் படியேன்'னு சொல்றது போதாது, அந்த அரை மணி நேரத்துக்கு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற ரூமுக்குப் போகணும், கதவு தட்டினா நாம திறக்கணும்.

எங்க அண்ணிக்கு நாவல்னா உயிர். குழந்தை பிறந்ததுலருந்து ஒண்ணு கூட முடிக்கலைன்னு ஒரு நாள் ரொம்ப வருத்தப்பட்டாங்க. இப்ப சாயந்திரம் அரை மணி நேரம் குழந்தை என்கிட்ட இல்ல அண்ணன்கிட்ட, அண்ணி ரூம்ல புக்கோட. அவங்க போனும் என்கிட்ட தான் இருக்கும். அந்த நேரத்துல யாராவது கூப்பிட்டா, "அண்ணி படிச்சிட்டிருக்காங்க, அப்பறம் பேசுவாங்க"ன்னு சொல்லுவேன். முதல்ல "என்ன பரீட்சை எழுதப் போறாளா?"ன்னு கேட்டாங்க. இல்ல, நாவல் படிக்கறாங்கன்னு ஒவ்வொரு தடவையும் பொறுமையா சொன்னேன். போன வாரம் அவங்க அம்மா கூப்பிட்டப்ப நான் ஹலோன்னதுமே, "படிச்சிட்டிருக்காளா? சரி சரி, எட்டு மணிக்கு மேல கூப்பிடறேன், அந்த வக்கீல் கதை முடிஞ்சதுன்னா அடுத்து எனக்குத் தரச் சொல்லு"ன்னு வெச்சுட்டாங்க.